வீட்டுப் பட்டறையில் ஸ்பிரே பெயிண்ட்: விஷக்காற்றை வெளியே தள்ளும் மேஜை செய்வது எப்படி?

கோவில்பட்டி:-

வீட்டு முன்னறையிலோ, பின்பக்க ஷெட்டிலோ ஒரு கம்ப்ரசரை வைத்துக்கொண்டு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் சின்னப் பட்டறைகள் கோவில்பட்டி வட்டாரத்திலும் உண்டு. மோட்டார் சைக்கிள் டேங்க், சைடு பேனல், இரும்பு நாற்காலி, சாமி பட பிரேம், மர பொம்மை என்று கையில் கிடைக்கும் வேலையை எல்லாம் செய்து கொடுப்பார்கள்.

இந்த வேலையில் கரிசல் பூமிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி இருக்கிறது. அதுதான் தூசி.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், காற்று கிளம்பியதும் மாவு மாதிரி பறக்கும். ஈர பெயிண்ட் மேல் அது ஒட்டினால் வேலை போச்சு. மறுபடி உப்புத்தாள் போட்டு தேய்த்து, முதலில் இருந்து அடிக்க வேண்டும். கூலியும் போய் தின்னரும் தண்டம்.

'கதவை திறந்தா தூசி ஒட்டிரும்' என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டு உள்ளே அடிப்பது இதனால்தான். பெயிண்ட் பளபளவென்று வந்துவிடும். ஆனால் அடிப்பவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது? அந்த அறையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்?

தூசியும் ஒட்டக்கூடாது, ஆளுக்கும் ஆபத்து வரக்கூடாது என்றால் அதற்கு வழி உண்டு. அதுதான் காற்றை உறிஞ்சும் பெயிண்டிங் மேஜை. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே இதை செய்துவிடலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு லிட்டர் தின்னர் போதும்

ஸ்பிரே கன்னில் இருந்து இரண்டு பொருட்கள் வெளியே வருகின்றன. ஒன்று பெயிண்ட் துளி. இன்னொன்று தின்னர் ஆவி. துளி கண்ணுக்கு தெரியும், ஆவி தெரியாது. அதிக ஆபத்து கண்ணுக்கு தெரியாததில்தான்.

தின்னரில் பல திரவங்கள் கலந்திருக்கும். அதில் முக்கியமான ஒன்று டொலுயீன். ஒரு லிட்டர் டொலுயீன் முழுவதும் ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி கிடைக்கும்.

10 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் காற்று சுமார் 20 ஆயிரம் லிட்டர். அந்த அறையை மூடிவிட்டு ஒரு லிட்டர் டொலுயீனை ஆவியாக விட்டால், காற்றில் அதன் அளவு 1.1 சதவீதத்தை தொடும். டொலுயீன் ஆவி தீப்பிடிக்க தேவையான குறைந்தபட்ச அளவும் ஏறக்குறைய அதேதான்.

அதாவது ஒரே ஒரு லிட்டர், ஒரு சின்ன அறையையே வெடிமருந்து அறை மாதிரி ஆக்கிவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. டொலுயீன் ஆவி காற்றை விட 3 மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையில் தண்ணீர் மாதிரி தங்கி, கதவு இடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். அடுத்த அறை சமையல் அறையாக இருந்தால்? வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிய பூஜை அறையாக இருந்தால்? சொல்லவே வேண்டாம்.

டொலுயீன் 4 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். கதவு, ஜன்னல் பெயிண்டில் கலக்கும் சாதா டர்பென்டைன் தைலத்துக்கு 38 முதல் 40 டிகிரி வரை வேண்டும். 'டர்பென்டைன் ஒண்ணும் செய்யாது' என்று நினைப்பவர்கள் நம்ம ஊர் கத்திரி வெயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். மேலும் கன்னில் தூளாக தெறிக்கும்போது எந்த எண்ணெயும் எளிதில் பற்றும்.

பருத்தியில் இருந்து வந்த டூக்கோ

மர வேலைக்காரர்கள் 'டூக்கோ' என்று சொல்வார்கள். அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923-ம் ஆண்டு கொண்டு வந்த பெயிண்டின் பெயர். அதற்கு முன்பு ஒரு காருக்கு பெயிண்ட் அடித்து காய வைக்க வாரக்கணக்கில் ஆனது. டூக்கோ வந்தபிறகு அது நாள்கணக்காக குறைந்தது. இதனால் உலகம் முழுவதும் ஸ்பிரே கன் பரவியது.

இந்த வகை பெயிண்டைத்தான் நம்ம கடைகளில் 'என்.சி.' என்கிறார்கள். இதன் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். பருத்தியில் இருப்பது போன்ற நாரை நைட்ரிக் அமிலத்தில் ஊற வைத்து செய்வது. துப்பாக்கிக்கான புகையில்லா வெடிமருந்தும் இதே குடும்பம்தான்.

அதனால் என்.சி. பெயிண்ட் காய்ந்த பிறகும் அதன் தூள் சட்டென்று பற்றிக்கொள்ளும். சுவரிலும், பேன் இறக்கையிலும் படிந்து கிடக்கும் பெயிண்ட் தூளை அலட்சியமாக விடக்கூடாது.

நெஞ்சுக்கும் நரம்புக்கும்

தின்னர் ஆவியை இழுத்தால் முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். குடித்தவர் மாதிரி தள்ளாட்டம் வரும். வருடக்கணக்கில் இழுத்தால் மூளை, நரம்பு பாதிக்கும். ஞாபகமறதி, கை நடுக்கம் வரலாம்.

வேலை நேரத்தில் சுவாசிக்கும் காற்றில் சராசரியாக 10 லட்சம் பங்குக்கு 100 பங்குக்கு மேல் டொலுயீன் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன பூட்டிய அறையில் அது 11 ஆயிரம் பங்கு. அதாவது 100 மடங்குக்கும் மேல்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளின் முதல் பிரிவில் 1989-ம் ஆண்டு சேர்த்தது. 2010-ல் வெளியிட்ட அறிக்கையிலும் அதையே உறுதி செய்தது.

ஈயம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு உபயோக பெயிண்டுகளில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. தொழிற்சாலை உபயோக பெயிண்டுகள் அந்த விதிக்குள் வராது. பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈய தூசியும் கிளம்பும். தண்ணீர் தொட்டு தேய்ப்பதே நல்லது.

வேலை முடிந்து வாழைப்பழம் தின்றால், வெல்லம் கடித்தால், பால் குடித்தால் பெயிண்ட் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பல பட்டறைகளில் உண்டு. தின்றது வயிற்றுக்கு போகும். ஆவி போனது நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும். கடலைமிட்டாய் எத்தனை தின்றாலும் தின்னரை அது வெளியேற்றாது.

ஊதினால் அணையும், உறிஞ்சினால் அணையாது

'ஜன்னலில் ஒரு எக்சாஸ்ட் பேன் போட்டால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது.

ஒரு மெழுகுவர்த்தியை ஒரு அடி தள்ளி நின்று வாயால் ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்தில் நின்று காற்றை உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? முடியாது. உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் வரும். குழாய் வாயின் அகலம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் தள்ளிப்போனாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காக குறைந்துவிடும்.

அறையின் ஒரு மூலையில் பேன், நடுவில் பெயிண்ட் என்றால் ஆவி முதலில் அடிப்பவர் மூக்குக்கு வந்துவிட்டுத்தான் பேனுக்கு போகும். அதனால் பெயிண்ட் அடிக்கும் பொருளை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் பின்பக்கம் உறிஞ்ச வேண்டும். காற்று அடிப்பவரின் முதுகுப்பக்கம் இருந்து வந்து, அவரைத் தாண்டி, பொருளைத் தாண்டி, வடிகட்டிக்குள் போக வேண்டும். இந்த மேஜையின் சூத்திரமே இதுதான்.

மேஜையின் அளவு

டேங்க், சைடு பேனல், பிரேம் மாதிரி சாமான்களுக்கு வாய்ப்பக்கம் 3 அடி அகலம், 2 அடி உயரம் போதும். ஆழம் மூன்றரை அடி. இதில் முன்பக்கம் இரண்டரை அடி வேலை செய்யும் இடம். பின்பக்கம் ஒரு அடி காற்று அறை. இரண்டுக்கும் நடுவில் வடிகட்டி.

கால்களுக்கு ஒரு அங்குல ஆங்கிள் அல்லது சதுர பைப். தரையில் இருந்து இரண்டரை அடி உயரம் இருந்தால் நின்றுகொண்டே அடிக்கலாம். பெட்டிக்கு 22 கேஜ் ஜி.ஐ. தகடு. பிளைவுட், அட்டை, தெர்மாகோல் கூடாது. தீப்பிடிக்கும் வேலைக்கு தீப்பிடிக்கும் பெட்டியா?

உள்பக்கம் மூலைகள் வழவழப்பாக இருக்க வேண்டும். தூள் தங்கினால் சுரண்டி எடுக்க வசதி வேண்டும். சுரண்டுவதற்கு இரும்பு உளி வேண்டாம். பித்தளை அல்லது மரத் தகடு வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்கம் அந்த ஒரு அடி காற்று அறை ஏன்? குழாயை நேராக வடிகட்டியின் நடுவில் வைத்தால், நடுவில் மட்டும் இழுக்கும். மூலைகளில் இழுக்காது. நடுவில் ஒரு அறை இருந்தால் காற்று பரவி, வடிகட்டியின் எல்லா பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும்.

உள்ளே பொருளை வைக்க ஒரு சுழல் தட்டு அவசியம். பழைய பால் பேரிங் ஒன்றின் மேல் வட்ட தகடு பொருத்தினால் போதும். பொருளைத்தான் சுற்ற வேண்டும். கன் எப்போதும் வடிகட்டியைப் பார்த்தே இருக்க வேண்டும். ஆள் பக்கவாட்டில் போய் அடித்தால் மேஜை செய்ததே வீண்.

எவ்வளவு காற்று?

வாய்ப்பக்கத்தில் காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது ஸ்பிரே பெயிண்டிங் அறைகளுக்கு பல நாடுகளில் புழங்கும் கணக்கு. 3 அடிக்கு 2 அடி என்றால் 6 சதுர அடி. 100 அடியால் பெருக்கினால் நிமிடத்துக்கு 600 கன அடி.

அதாவது நிமிடத்துக்கு சுமார் 17 ஆயிரம் லிட்டர் காற்று. மேலே சொன்ன 10-க்கு 8 அறையின் மொத்த காற்றும் ஒன்றேகால் நிமிடத்துக்குள் மாறிவிடும்.

நிமிடத்துக்கு 100 மில்லி தின்னர் ஆவியானால் கிடைப்பது 23 லிட்டர் ஆவி. 17 ஆயிரம் லிட்டர் காற்றில் அது 0.13 சதவீதம்தான். தீப்பிடிக்கும் அளவில் எட்டில் ஒரு பங்கு. இதுதான் மேஜையால் கிடைக்கும் பாதுகாப்பு.

பேன் வாங்கும்போது ஒன்றை கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் காற்று அளவு, முன்னால் எந்த தடையும் இல்லாதபோது கிடைப்பது. வடிகட்டியும் குழாயும் வந்தால் சாதா எக்சாஸ்ட் பேன் திணறிவிடும். அதனால் பெட்டி மாதிரி கூட்டுக்குள் சுழலும் சென்ட்ரிபியூகல் புளோயர்தான் சரி. வடிகட்டியில் பெயிண்ட் படியப் படிய இழுவை குறையும் என்பதால் கணக்கை விட ஒன்றரை மடங்கு திறன் உள்ளதாக பார்த்து வாங்க வேண்டும்.

வெளியே போகும் குழாய் 10 அங்குல விட்டம் இருந்தால் நல்லது. ஜி.ஐ. தகட்டில் உருட்டியது. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மோட்டார் எங்கே?

மேஜையில் பலரும் தப்பு செய்யக்கூடிய இடம் இதுதான். பழைய ஏர்கூலர் புளோயரை கழற்றி மாட்டினால் காற்று நன்றாகத்தான் வரும். ஆனால் அதில் மோட்டார் காற்றுப் பாதையிலேயே இருக்கும். தின்னர் ஆவி மோட்டாரின் உள்ளே புகுந்து போகும். சுவிட்சில், கார்பன் பிரஷ்ஷில், தேய்ந்த ஒயரில் ஒரு சின்னப் பொறி வந்தாலும் போதும்.

அமெரிக்க தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் எக்சாஸ்ட் பேனை சுற்றும் மோட்டார் பெயிண்டிங் பெட்டிக்குள்ளேயும், குழாய்க்குள்ளேயும் இருக்கக்கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். மோட்டாரை வெளியே வைத்து, பெல்ட் போட்டு புளோயரை சுற்ற வேண்டும். இறக்கை அலுமினியத்தில் இருந்தால் கூட்டில் உரசும்போது பொறி வரும் வாய்ப்பு குறைவு. முடிந்தால் பட்டாசு ஆலைகளுக்கு விற்கும் பிளேம்புரூப் வகை மோட்டாரும் சுவிட்சும் வாங்கலாம்.

லைட்டும் பெட்டிக்குள் கூடாது. பெட்டியின் மேல் தகட்டில் கண்ணாடி பதித்து, வெளியே இருந்து வெளிச்சம் காட்ட வேண்டும். சுவிட்ச், பிளக் பாயிண்ட், செல்போன் சார்ஜர் எதுவும் மேஜைக்கு பக்கத்தில் இருக்கக்கூடாது. கம்ப்ரசரின் பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறை விழும்போதும் உள்ளே பொறி வரும். எனவே கம்ப்ரசர் சுவருக்கு அந்தப்பக்கம். ரப்பர் குழாய் மட்டும் உள்ளே.

கரிசலில் எர்த் நிற்குமா?

பட்டாசு ஆலைகளில் நைலான், பாலியஸ்டர் துணி கூடாது, பருத்தி துணிதான் உடுத்த வேண்டும் என்பது இந்தப் பகுதிக்காரர்களுக்கு புதிதல்ல. உடம்பில் சேரும் நிலை மின்சாரம் பொறியாக தெறிக்கும் என்பதே காரணம். பெயிண்ட் துளி கன்னில் இருந்து வேகமாக பாயும்போதும் நிலை மின்சாரம் சேரும். காற்று வறண்டிருந்தால் இன்னும் அதிகம்.

எனவே பெட்டி, சுழல் தட்டு, பொருளை மாட்டும் கொக்கி, புளோயர் எல்லாவற்றையும் செம்பு ஒயரால் இணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். பேரிங் மேல் சுழலும் தட்டுக்கு தனியாக ஒரு சின்ன சங்கிலியோ, உரசிக்கொண்டே இருக்கும் செம்பு தகடோ வேண்டும். கிரீஸ் இருப்பதால் பேரிங்கை நம்ப முடியாது.

கரிசல் மண்ணில் எர்த் குழிக்கு தனி கவனம் தேவை. மழைக்காலத்தில் மண் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். கோடையில் சுருங்கி, குழாயை விட்டு விலகி வெடித்துவிடும். அப்போது எர்த் இருந்தும் இல்லாத கதைதான். குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். வருடம் ஒருமுறை எலக்ட்ரீசியனை வைத்து மீட்டர் போட்டு பார்ப்பது நல்லது.

காற்று வரும் வழி, போகும் வழி

நிமிடத்துக்கு 600 கன அடி வெளியே போனால், அதே அளவு உள்ளே வந்தாக வேண்டும். வழி விடாவிட்டால் கதவு இடுக்கு, ஓட்டு சந்து வழியாக காற்று புகும். அதோடு கரிசல் தூசியும் புகும்.

மேஜைக்கு நேர் எதிர் சுவரில் 6 சதுர அடிக்கு குறையாமல் ஒரு ஜன்னல் வேண்டும். அதில் முதலில் கொசு வலை, அடுத்து பில்டர் துணி என இரண்டு அடுக்கு போட வேண்டும். துணியை வாரம் ஒருமுறை கழற்றி உதறி துவைக்க வேண்டும். மற்ற இடுக்குகளை ரப்பர் பட்டை போட்டு அடைக்க வேண்டும். ஓட்டு அறையாக இருந்தால் சிமெண்ட் ஷீட் சீலிங் அவசியம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால் கிடக்கும் தூசி அடங்கும். நிலை மின்சாரமும் குறையும்.

இப்படி செய்தால் கதவை மூடாமலேயே தூசி இல்லாத காற்று கிடைக்கும். பெயிண்ட் பினிஷிங்கும் நன்றாக வரும்.

அடுத்து புகை போகும் வாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்ம பகுதியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு கயத்தாறு காற்றாலைகளே சாட்சி. தேசிய காற்று சக்தி நிறுவனம் காற்றாலை சோதனை நிலையத்தை கயத்தாறில் வைத்திருப்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். குழாய் வாயை மேற்கு பார்த்து வைத்தால் அந்த 4 மாதமும் தள்ளிய புகை திரும்ப உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும்.

எந்தப் பக்கமும் சிக்கல் வராமல் இருக்க, குழாயை கூரைக்கு மேல் ஆள் உயரம் கொண்டுபோய் மேல்நோக்கி விடுவதே சரி. பக்கத்து வீட்டு ஜன்னல், மொட்டை மாடியில் துணி காயும் இடம், தண்ணீர் தொட்டி ஆகியவற்றுக்கு அருகில் விட்டால் சண்டைதான் வரும். அவர்கள் வீட்டு பிள்ளைகளும் மூச்சு விட வேண்டும்.

வடிகட்டி என்ன செய்யும்? என்ன செய்யாது?

பெயிண்ட் கடைகளுக்கும் கார் பெயிண்டிங் பூத்துகளுக்கும் சப்ளை செய்பவர்களிடம் கண்ணாடி நாரில் செய்த பெயிண்ட் பில்டர் கிடைக்கும். இது துளியை பிடிக்கும். ஆவியை பிடிக்காது. ஆவி வெளியேதான் போகும். 'பில்டர் போட்டாச்சு, குழாயை அறைக்குள்ளேயே விட்டுக்கலாம்' என்று நினைப்பது பெரிய தப்பு.

தேங்காய் நார், கூலர் புல், பழைய சேலை இதெல்லாம் வடிகட்டிக்கு ஆகாது. பெயிண்ட் ஊறியதும் அது பந்தம் மாதிரி ஆகிவிடும்.

பெரிய தொழிற்சாலைகளில் தண்ணீர் திரை மூலம் பெயிண்ட் துளியை பிடிப்பார்கள். தண்ணீர் குடம் கணக்கில் வாங்கும் ஊர்களுக்கு அது சரிப்படாது. உலர்ந்த பில்டரே போதும்.

பில்டரை எப்போது மாற்றுவது? கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயே இதற்கு மீட்டர். ஒரு ஒளி ஊடுருவும் குழாயை 'யு' மாதிரி வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை பின்பக்க காற்று அறைக்குள் விட வேண்டும். மறுமுனை வெளியே திறந்திருக்கும். பேன் ஓடும்போது இரண்டு பக்க தண்ணீர் மட்டமும் லேசாக மாறும். புது பில்டரில் எவ்வளவு வித்தியாசம் என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வித்தியாசம் இரண்டு மடங்கு ஆனால் பில்டர் அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

கழற்றிய பில்டரையும், பெயிண்ட் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளி விதை எண்ணெய் கலந்த பெயிண்ட், வார்னிஷ் காயும்போது தானாகவே சூடாகும். குவித்து வைத்த துணி யாரும் பற்ற வைக்காமலே தீப்பிடிக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கி வைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மேஜை தயாரானதும் வாய்ப்பக்கம் நான்கு மூலையிலும், நடுவிலும் அரை அடி நூல் கட்டி தொங்கவிட வேண்டும். பேனை போட்டால் எல்லா நூலும் உள்பக்கம் சாய வேண்டும். ஒரு மூலை மட்டும் சாயவில்லை என்றால் காற்று அறையில் கோளாறு.

ஊதுபத்தி புகை வைத்தும் பார்க்கலாம். ஆனால் அது மேஜை புத்தம் புதிதாக இருக்கும்போது, பெயிண்ட், தின்னர் டப்பா ஒன்றுகூட அறைக்குள் வராதபோது மட்டும். பெயிண்ட் வேலை ஆரம்பித்த பிறகு நூல்தான்.

பெயிண்ட் அடிப்பதற்கு 2 நிமிடம் முன்பே பேனை போட வேண்டும். அடித்து முடித்ததும் அணைக்கக்கூடாது. ஈர பெயிண்ட் காயும்வரை ஆவி வந்துகொண்டே இருக்கும். குறைந்தது 20 நிமிடமாவது ஓட வேண்டும். கரண்ட் போனால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் என்.சி. பெயிண்ட் வெள்ளை பூத்தால் மேஜையை குறை சொல்ல வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். மெதுவாக காயும் ரிட்டார்டர் தின்னர் சேர்த்தால் சரியாகும்.

மாஸ்க் கட்டாயம்

மேஜை இருந்தாலும் மாஸ்க் வேண்டும். மேலே சொன்ன 0.13 சதவீதம் தீக்குத்தான் குறைவு. மூச்சுக்கு அது 10 லட்சத்துக்கு 1,300 பங்கு. தலையை பெட்டிக்குள் நீட்டினால் அவ்வளவும் உள்ளே போகும்.

துண்டு, கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. என்-95 முகக்கவசம் துளியை தடுக்கும், ஆவியை தடுக்காது. கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டும் ரப்பர் மாஸ்க்தான் வேண்டும். அதன் முன்னால் துளியை தடுக்கும் பஞ்சு பில்டரும் இருக்க வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியாக ஆவி புகுந்துவிடும். மாஸ்க் போட்டும் வாசனை தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் அதை காற்று புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். திறந்து போட்டால் சும்மா கிடந்தே தீர்ந்துவிடும்.

கார், பைக்குக்கு அடிக்கும் ஹார்டனர் கலந்த பி.யு. பெயிண்ட் மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். வாசனையே தெரியாததால் மாஸ்க் தீர்ந்ததும் தெரியாது. வெளியில் இருந்து குழாய் மூலம் நல்ல காற்று வரும் மாஸ்க் உள்ள இடத்தில்தான் அதை அடிக்க வேண்டும்.

கையில் ஒட்டிய பெயிண்டை தின்னர் ஊற்றி கழுவுவதையும் விட வேண்டும். தோல் வழியாகவும் தின்னர் உடம்புக்குள் போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டால் போதும்.

இதையும் மறக்கக்கூடாது

அன்றைக்கு தேவையான தின்னரை மட்டும் பட்டறையில் வைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தைகள் உயிருக்கு உலை. மூடி உள்ள தகர டப்பா, அதன்மேல் பெயர் எழுதிய லேபிள் அவசியம்.

பவுடர் அல்லது நுரை வகை தீயணைப்பு கருவி ஒன்றும், இரண்டு வாளி உலர்ந்த ஆற்று மணலும் கதவுக்கு பக்கத்தில் இருக்கட்டும். தின்னர் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். கரிசல் மண்ணை வாளியில் வைத்தால் கட்டி தட்டிப்போகும், நேரத்துக்கு உதவாது. அடங்காத தீ என்றால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-க்கு போன் செய்வதே முதல் வேலை. ஆள் வெளியே ஓட மேஜையை தாண்டாத ஒரு கதவு வேண்டும்.

கர்ப்பிணி பெண்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொட்டிலுக்கு பக்கத்து அறை பட்டறையாக இருக்கக்கூடாது.

பீரோ, கட்டில், கேட் மாதிரி பெரிய சாமான்கள் இந்த மேஜையில் அடங்காது. அவற்றை வெளியே திறந்த கொட்டகையில், காற்று கிளம்பாத விடியற்காலை நேரத்தில் அடிப்பதே பாதுகாப்பு. அங்கும் மாஸ்க் உண்டு. தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பெயிண்டுக்கு மாறினால் தீ பயம் வெகுவாக குறையும். குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் எச்.வி.எல்.பி. வகை கன் வாங்கினால் பெயிண்ட் வீணாவதும், புகை கிளம்புவதும் குறையும்.

இரண்டு ஷீட் தகடு, நாலு ஆங்கிள், ஒரு புளோயர், ஒரு மோட்டார், ஒரு பெல்ட். இதற்கு செலவாகும் பணத்தை யோசித்து தள்ளிப்போடுபவர்கள், தூசி ஒட்டி இரண்டாம் முறை அடித்த வேலைகளையும், தலைவலி என்று படுத்துவிட்ட நாட்களின் கூலியையும் சேர்த்து கணக்கு பார்த்தால் உண்மை புரியும்.

வீட்டுப் பட்டறைகள் தொழிற்சாலை கணக்கில் வருவதில்லை. அதிகாரி வந்து மோட்டார் எங்கே இருக்கிறது, எர்த் இருக்கிறதா என்று பார்க்கப்போவதும் இல்லை. எனவே அடுத்த வேலையை கையில் எடுப்பதற்கு முன், பேன் ஓடுகிறதா, நூல் உள்பக்கம் சாய்கிறதா, எர்த் ஒயர் இறுகி இருக்கிறதா என்று பட்டறைக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும்.